பெட்டியின் அடியில் உங்கள் பெயர் இருக்கட்டும்

பறையை அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். ஈரம் ஏறித் தொளதொளத்த தோல், சூடு பட்டதும் விறைத்துக்கொள்ளும். பிறகு சிம்புக்குச்சி பட்டாலே கணீரென்று பேசும். எவ்வளவு சூடு போதும் என்பது அடிப்பவரின் விரலுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஊர் மரியாதை தரவில்லை. அந்த ஒலியைச் 'சாவு மேளம்' என்றது, 'இரைச்சல்' என்றது.

இன்று பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சேரிகளிலும் கிட்டார் பழகும் பிள்ளைகள் உண்டு. ராக் இசையில் கிட்டார் கரகரவென்று உறுமுவதைக் கேட்டுவிட்டு, அது எப்படி வருகிறது என்று கேட்கிறார்கள். காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியில் இருந்து வருகிறது. அதற்குப் பெயர் பெடல். வெளிநாட்டுப் பெடல் வாங்கப் பல ஆயிரம் வேண்டும். ஆனால் அதை வீட்டிலேயே செய்யலாம்.

அந்த உறுமலின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். லிங்க் ரே, அமெரிக்காவின் ஷானி பழங்குடி வழிவந்த கிட்டார் கலைஞர். 1958-ல் 'ரம்பிள்' என்ற இசையைப் பதிவு செய்தபோது, ஒலி முரட்டுத்தனமாக வர வேண்டும் என்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் சில வானொலிகள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1961-ல் வெளிவந்த ஒரு பாட்டில், பழுதான ஒலிப்பதிவுக் கருவியால் பேஸ் கிட்டார் கரகரத்தது. அந்தப் பழுதையே ஒரு பெட்டிக்குள் அடக்கி 1962-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். குறை என்று ஒதுக்கிய ஒலிக்கு அப்போது விலை வந்தது.

பெட்டிக்குள் நடப்பது எளிமையானது. கம்பியின் அதிர்வு மின் அலையாக உள்ளே வருகிறது. டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்கு பெருக்குகிறது. 9 வோல்ட் பேட்டரி தாங்கும் உயரத்தைத் தாண்டி அலை எழ முயலும்போது அதன் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. வளைந்த அலை சதுரமாகிறது. அதுவே கரகரப்பு.

1966-ல் லண்டனில் வந்த, கறுப்பினக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற 'ஃபஸ் ஃபேஸ்' பெடலின் சர்க்யூட்டில் 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கண்டன்சர், 2 வால்யூம் கன்ட்ரோல், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். பி.சி.547 போன்ற டிரான்சிஸ்டர் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஐ.டி.ஐ.யில் படிக்கும் மாணவர் ஓய்வு நாளில் சால்டரிங் செய்து முடித்துவிடலாம். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 4.5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்குள்ள ரெசிஸ்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். பறைக்குப் பதமான சூடு தேடுவது போலத்தான் இதுவும். பேஸ் கிட்டாருக்கென்றால் இயல்பான ஒலியையும் கூடவே கலக்குங்கள், அடிநாதம் தொலையாது. மின் இணைப்பில் சோதிக்க வேண்டாம், பேட்டரி போதும்.

பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துப் பாடியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதில் இருந்து பிறந்த பெயர் அது.

வாசிக்கக் கற்றால் போதாதா, செய்யவும் கற்க வேண்டுமா என்று கேட்கலாம். மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். வாசித்தவர் பெயர் மேடையில் ஒலித்தது. தோலைப் பதப்படுத்தி அதைச் செய்து கொடுத்த தலித் கைவினைஞர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை. தஞ்சாவூர் செவித்தியான் குடும்பம் உள்ளிட்ட அந்தக் கலைஞர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணாவின் விரிவான நூல் வந்ததே 2020-ல்தான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, முதல் பெட்டியைச் செய்து முடித்ததும் அதன் அடியில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிடுங்கள். வாசிப்பவர் யாராக இருந்தாலும், செய்தவர் யார் என்பது தெரியட்டும்.