கொலை நடந்த இடத்தில் கூட்டத்தைப் படம் எடுத்தவர்... யார் இந்த வீஜீ?

கல்வராயன் மலையில் பிறந்து, வடக்கனந்தல் பக்கமாக இறங்கி, கள்ளக்குறிச்சிக்கு வருகிறது கோமுகி ஆறு. 2024 ஜூனில் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, அந்த ஆற்றங்கரையில்தான் சிதைகள் வரிசையாக எரிந்தன.

அந்த நாட்களில் நம்ம போனுக்கு வந்த படங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனா இன்னைக்கும் மனசுல நிக்கிறது எது? இறந்தவர்களின் முகமா, பக்கத்தில் நின்று அழுதவர்களின் முகமா?

இந்தக் கேள்விக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே தன் கேமராவால் பதில் சொன்னவர் வீஜீ. உலகப் பத்திரிகைப் புகைப்படக் கலையில், குற்றம் நடந்த இடம் என்றாலே முதலில் நினைவுக்கு வருகிற பெயர்.

யார் இவர்?

உண்மைப் பெயர் ஆர்தர் ஃபெலிக். 1899-ல் இன்றைய உக்ரைன் பகுதியில் பிறந்தவர். சிறுவனாகவே குடும்பத்துடன் நியூயார்க் வந்துவிட்டார். ஏழைக் குடும்பம். ஒரு செய்திப்பட நிறுவனத்தின் இருட்டறையில் பல வருஷம் ஃபிலிம் கழுவினார். 1935 வாக்கில் வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர் ஆனார்.

தங்கியது போலீஸ் தலைமையகத்துக்கு எதிரிலேயே ஒரு சின்ன அறையில். 1938 முதல் காரில் போலீஸ் ரேடியோவும் இருந்தது. கார் டிக்கிதான் ஆபீஸ்: டைப்ரைட்டர், ஃபிளாஷ் பல்புகள், சுருட்டு எல்லாமே அதுக்குள்ள. பல நேரம் போலீஸ் வருவதற்கு முன்பே ஸ்பாட்டில் நிற்பார். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் 'வீஜா' பலகையை வைத்துத்தான் 'வீஜீ' என்ற பெயர் வந்தது என்பார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. படங்களின் பின்னால் 'புகழ்பெற்ற வீஜீ' என்று தானே முத்திரை குத்தினார்!

அப்படி என்ன ஸ்பெஷல்?

1941 அக்டோபர். புரூக்ளினில் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். வீஜீ சடலத்தையும் படம் எடுத்தார். ஆனால் வரலாற்றில் நின்றது, அவர் கூட்டத்தின் பக்கம் எடுத்த படம்தான்.

அதில் சடலமே இல்லை. ஒரு சிறுவன் சிரிக்கிறான், இன்னொருத்தி கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். நடுவில் ஒரு பெண் கதறி அழுகிறார். அவர் இறந்தவரின் உறவினர். வேடிக்கையும் துக்கமும் ஒரே ஃப்ரேமில். 'அவர்களின் முதல் கொலை' என்று அதற்குத் தலைப்பு. பார்க்கிற நமக்கே சுருக்குனு இருக்கும், ஏன்னா அந்தக் கூட்டத்தில் நாமும் நிற்கிறோம்.

1945-ல் வந்த அவரது 'நேக்கட் சிட்டி' புத்தகம், கொலைப்படம் எடுப்பவரைக் கலைஞராக உலகம் பார்க்க வைத்தது.

குறையே இல்லையா?

இருக்கு. 1943-ல் எடுத்த 'விமர்சகர்' படத்தில், நகைகள் மின்ன ஓபராவுக்கு வரும் சீமாட்டிகளை ஏழைப் பெண் ஒருவர் முறைத்துப் பார்ப்பார். அந்தப் பெண்ணை ஏற்பாடு செய்து கூட்டி வந்ததே வீஜீ தரப்புதான் என்பது பின்னாளில் தெரிந்தது. கொலைப்படங்கள் அவருக்குப் பிழைப்பும்கூட. 'இரண்டு கொலைகள், 35 டாலர்' என்று வந்த ஒரு பத்திரிகை நிறுவனத்தின் ரசீதையே அவர் படம் எடுத்து வைத்திருந்தார். கதறிய அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டிருப்பாரா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

நம்ம ஊரில்?

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் புகைப்படக்காரர் ஹரிபாபுவும் இறந்தார். அவரது கேமரா தப்பியது. மாலையோடு காத்திருந்த தாணுவும், நிருபர் போல நின்ற சிவராசனும் அந்த ஃபிலிம்ரோலில் இருந்தார்கள். புலனாய்வுக்கு அதுதான் பெரிய துருப்புச்சீட்டு. ஹரிபாபுவின் பெயரும் சதி வழக்கில் சேர்ந்தது என்பது தனிக்கதை. ஆனால் குண்டு வெடிப்பதற்கு முன் அங்கே யார் நின்றார்கள் என்பதை அந்தப் படங்கள்தான் சொன்னன.

இன்று தடயத்தைப் பதிவு செய்வது போலீஸின் சட்டக் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வருவதும், அதை வீடியோ எடுப்பதும் படிப்படியாகக் கட்டாயமாகிறது. அப்படியானால் சடலத்தை க்ளோசப்பில் எடுத்து ஃபார்வர்டு செய்ய நமக்கு என்ன அவசியம்?

கையில் போன் இருக்கும்போது...

வடக்கனந்தலோ சென்னையோ, ஒரு அசம்பாவிதம் நடந்தால் முதல் கால் 108-க்குப் போகட்டும். படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால், அது போலீஸுக்குத் தடயமாகப் பயன்படுமா என்று பாருங்கள். பயன்பட்டால் போலீஸிடம் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையும், எந்தக் குற்றத்திலும் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தையும் வெளியிடுவது சட்டப்படியே குற்றம்.

அப்புறம் ஒருமுறை திரும்பி, சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். வீஜீ பார்த்த மாதிரி. அழுகிற ஒருவருக்குத் தண்ணீர் தேவைப்படலாம்.