பீலிக்கு வலை போடுவதற்கு முன்



சென்ற வருடம் மழைக்காலம் தொடங்குமுன், நமதூரின் பழைய தெருக்களில் பதினான்கு வீடுகளின் கூரைப் பீலிகளுக்கு எங்கள் செலவில் பிளாஸ்டிக் வலை போட்டுக் கொடுத்தோம். பெரும்பாலும் விதவைப் பெண்களும் வயதானவர்களும் இருக்கும் வீடுகள். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்குகிறது, ஏறித் துப்புரவு செய்ய ஆளில்லை என்று அவர்கள் கேட்டதால் செய்தோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியில் இருந்தபோது, ஐந்து மாதம் கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். மூன்று வீடுகளில் வலைக்குக் கீழே தண்ணீர் தேங்கி, நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. மேலே வலை மூடியிருந்ததால் வீட்டாருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அந்த மூன்றில் ஒரு வீட்டுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்த நுளம்பு அந்தப் பீலியிலிருந்துதான் வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காக எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமாகி வந்துவிட்டது.

இந்த வருடமும் பல வீடுகளிலிருந்து வலை கேட்டு வருகிறார்கள். சிலர் தாங்களே ஹாட்வெயார் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். ஆகவே சென்ற வருடம் நாங்கள் தெரியாமல் செய்ததையும், பிறகு பாஸ்மாரிடமும் பரிசோதகரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பீலியே தேவையா என்று பாருங்கள். நமது பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் நாலு பக்கமும் பீலி ஓடுகிறது. வாசலுக்கு மேலே, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அருகில், மழைநீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ எடுக்கும் பக்கத்தில் அது அவசியம். பின் வளவுப் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், கூரைத் தண்ணீர் நேராகத் தரையில் விழுந்தால் என்ன குறை? விழும் இடத்தில் இரண்டடி அகலத்துக்குச் சீமெந்து போட்டு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துவிட்டால் சுவரின் அடியும் ஊறாது. பீலி இல்லாத இடத்தில் இலை அடைக்கவும் இடமில்லை, நுளம்பு முட்டையிடவும் இடமில்லை. சென்ற வருடம் நாங்கள் வலை போட்ட பதினான்கு வீடுகளில் நான்கில் பின்பக்கப் பீலியைக் கழற்றியிருந்தாலே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

பீலி வேண்டும் என்றால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது வாட்டம். எங்கள் தவறு முழுவதும் இங்கேதான் இருந்தது. பழைய வீட்டில் பீலியைத் தாங்குவது வலன்ஸ் பலகையும் அதன் பின்னால் உள்ள கைமரங்களும். நாற்பது ஐம்பது வருடம் மழையில் நனைந்த கைமர நுனி உக்கிப்போகும். நுனி உக்கினால் பலகை தொங்கும், பலகை தொங்கினால் பீலியின் நடுப்பகுதி வயிறு விழுந்ததுபோல் இறங்கிவிடும். இறங்கு குழாய் இருக்கும் முனை மேலேயும் நடுப்பகுதி கீழேயும் ஆகிவிட்ட பிறகு, இலை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அதன்மேல் வலை போடுவது கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பீலியைத் துப்புரவாக்கி, குழாய்க்கு எதிர்முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஈரம் மட்டும் இருந்தால் நல்லது. எங்கேயாவது குட்டைபோல் நின்றால் அந்த இடத்துப் பிரெக்கட்டை உயர்த்த வேண்டும், அல்லது உக்கிய கைமர நுனிக்குத் துணைக்கட்டை அடிக்க வேண்டும். பத்தடி நீளத்துக்குக் குறைந்தது கால் அங்குலம் குழாய்ப் பக்கம் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பழைய பீலிக்கு அரை அங்குலம் கொடுத்தாலும் தவறில்லை. நீளமான பீலியாக இருந்தால் நடுவிலிருந்து இரு பக்கமும் வாட்டம் கொடுத்து இரண்டு குழாய் வைப்பது நல்லது.

குழாயின் அளவும் முக்கியம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். ஐந்நூறு சதுர அடி கூரைப்பக்கம் என்பது ஏறக்குறைய 46 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை அடித்தால் அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மணிக்கு 2,300 லீற்றர் வருகிறது. இதைப் பழைய இரண்டு அங்குலக் குழாய் ஒன்றுக்குள், அதுவும் பாதி இலை அடைத்த வாய்க்குள் அனுப்பப் பார்க்கிறோம். குழாயை மூன்று அங்குலமாக மாற்றினால் வாய்க்குள் வந்த இலையில் பெரும்பகுதி தண்ணீரோடு தானாகவே போய்விடும். பல வீடுகளில் வலைக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழிப்பதே புத்தி என்று நாங்கள் நினைக்கிறோம்.

இவ்வளவும் சரியான பிறகுதான் வலையைப் பற்றிப் பேச வேண்டும். எந்த வலை என்பதைக் கடைக்காரர் அல்ல, உங்கள் வளவில் நிற்கும் மரம் தீர்மானிக்க வேண்டும்.

மாவும் பலாவும் நிற்கும் வீடுகளுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள அலுமினிய வலை போதும். இலை வலைமேல் கிடந்து காய்ந்து காற்றில் பறந்துவிடும். ஆனால் மா பூக்கும் காலத்தில் உதிரும் பூத்தூள் பனியில் நனைந்து பசைபோல் ஒட்டும். அந்த வாரங்களில் ஒரு முறையாவது தும்புத்தடியால் தட்டிவிட வேண்டும். ஈரப்பலா தனிக்கதை. அதன் ஒரே இலை பீலியின் முழு அகலத்தையும் மூடிப் படுத்துக்கொள்ளும். வலை மட்டமாக இருந்தால் இலை மூடிபோல் ஒட்டிக்கொண்டு தண்ணீர் அதன்மேல் வழுக்கி வெளியே பாயும். அந்த வீடுகளில் வலையைக் கூரையின் சரிவுக்கே சாய்த்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் இலை சறுக்கிக் கீழே விழும்.

புளி, வாகை, வேம்பு, முருங்கை போன்றவற்றின் சிற்றிலைகள் கால் அங்குலக் கண்ணுக்குள் தாராளமாக இறங்கும். கடற்கரைப் பக்கம் சவுக்கு ஊசிகளும் அப்படியே. சென்ற வருடம் நாங்கள் போட்ட வலையில் நடந்ததும் இதுதான். இலை உள்ளே போனது, வலை இருந்ததால் வெளியே எடுக்க முடியவில்லை. இந்த மரங்களுக்கு நுண்ணிய துருப்பிடிக்காத எஃகு வலை வேண்டும். அது விலை கூடியது, மேற்பரப்பைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் வலையே போடாமல் திறந்த பீலியாக விட்டு இரண்டு கிழமைக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் கிழமைக்கு ஒரு முறை அள்ளுவது மேல். திறந்த பீலியில் குப்பை கண்ணுக்குத் தெரியும்.

தென்னைக்கு எந்த வலையும் ஈடுகொடுக்காது. பன்னாடையும் குரும்பையும் விழுந்தால் வலை வளையும், காய்ந்த மட்டை விழுந்தால் பீலியே உடையும். மரம் ஏறுபவரை வைத்து வருடத்துக்கு இரண்டு முறை வட்டைத் துப்புரவாக்குவதுதான் வழி.

கடைகளில் இப்போது பீலிக்குள் வைக்கும் பஞ்சுத் துண்டும், நீளமான தூரிகை போன்ற பொருளும் கிடைக்கின்றன. இரண்டையும் வாங்க வேண்டாம். பஞ்சு எப்போதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பறவை எச்சத்தில் வரும் ஆல், அரசு விதைகள் அதில் அழகாக முளைக்கும். தூரிகையின் மயிர்களில் சிக்கிய இலையை எடுக்கப் பொறுமை வேண்டும். வளைந்த தகட்டு மூடிகள் சாரல் மழைக்குச் சரி. நமது நாட்டு அடைமழையில் தண்ணீர் அதைத் தாண்டிக் குதித்துவிடும். கடல் காற்று வீசும் ஊர்களில் இரும்புக் கோழி வலை ஓரிரு வருடத்தில் துருப்பிடித்து உதிரும்.

குழாயின் வாயில் வைக்கும் உருண்டைக் கம்பி வலையைப் பலர் விரும்புகிறார்கள். திறந்த பீலியில் அதை மட்டும் வைத்தால் இலை அதைச் சுற்றி அணைபோல் சேர்ந்துவிடும். கிணற்றுக்கோ தொட்டிக்கோ தண்ணீர் எடுப்பவர்கள் இலை பிடிக்கும் வலைக்கூடையைக் குழாயின் கீழ்முனையில், நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள பெண்களே திறந்து கொட்டிவிடலாம்.

எந்த வலையாக இருந்தாலும் மூன்று நான்கு அடித் துண்டுகளாக வெட்டி, கிளிப் அல்லது கம்பியால் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். ஆணி அடித்துவிட்டால் பிறகு யாரும் கழற்றப் போவதில்லை. ஓட்டுக்கு அடியில் வலையைச் செருகவும் விடாதீர்கள். ஓடு உயர்ந்து, காற்று மழையில் தண்ணீர் உள்ளே திரும்பும். அந்த இடைவெளியில் எலியும் அணிலும் குடியேறும்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இலை வலை நுளம்பு வலை அல்ல. கால் அங்குலக் கண்ணில் நுளம்பு தாராளமாகப் போய்வரும். டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிட்டு, குடம்பியாகி, பறந்து போக ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை போதும். அதன் முட்டை காய்ந்த பீலியின் பக்கத்தில் ஒட்டி மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே அள்ளும்போது பீலியின் பக்கங்களையும் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட.

பீலியால் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் வந்த கதைகளும் எங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன. அவர்கள் மரத்து இலை எங்கள் பீலியில், எங்கள் பீலித் தண்ணீர் அவர்கள் சுவரில். பீலியைப் பற்றி ஒரு சம்பவம் முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அப்பாஸ் (ரழி) அவர்களின் வீட்டுப் பீலி உமர் (ரழி) அவர்கள் போகும் வழிக்கு மேலே இருந்தது. ஒரு ஜும்ஆ நாளில் நல்ல உடை அணிந்து வந்த உமர் (ரழி) அவர்கள்மேல் அதிலிருந்து கோழிக்குஞ்சு அறுத்த இரத்தம் கலந்த தண்ணீர் கொட்டியது. பீலியைக் கழற்றச் சொல்லிவிட்டு, வீடு திரும்பி உடை மாற்றி வந்து தொழுவித்தார்கள். அதை அந்த இடத்தில் வைத்ததே நபி (ஸல்) அவர்கள்தான் என்று அப்பாஸ் (ரழி) அவர்கள் வந்து சொன்னதும், என் முதுகில் ஏறி நின்று அதை அதே இடத்தில் திரும்ப வையுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் வற்புறுத்தினார்கள். அப்படியே நடந்தது. இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆனாலும் கலீஃபாவின் முதுகில் ஏறி நின்று பீலி பூட்டிய அந்தக் காட்சி, வேலிக்கு இரு பக்கமும் நின்று சத்தம் போடும் நமக்கு அறிமுகமாக வேண்டிய ஒன்று. ஏணி வைக்கப் பக்கத்து வளவில் இடம் கேட்டால் மறுக்காதீர்கள்.

மரத்தை வெட்டிவிடுவதே சுலபம் என்று சிலர் சொல்கிறார்கள். மூத்தவாப்பா வைத்த மரத்தில் பறவையும் அணிலும் தின்பதெல்லாம் அவருக்கு ஸதகாவாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. கூரைக்கு மேல் வந்த கிளையைக் கழித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பலா, ஈரப்பலா மரத்தை வெட்டுவதற்கு அனுமதியும் எடுக்க வேண்டும். கிராம சேவகரைக் கேட்காமல் கோடரி வைக்காதீர்கள்.

ஏறும்போது கவனம். ஓட்டின்மேலும் அஸ்பெஸ்டஸ் தகட்டின்மேலும் கால் வைக்காதீர்கள். அஸ்பெஸ்டஸைத் துளைக்கவோ, காய்ந்த நிலையில் உரசவோ கூடாது. வீட்டுக்கு மின்கம்பி வரும் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம், மூங்கில் ஏணியே நல்லது. ஏணியைப் பீலியில் சாத்தாமல் சுவரில் சாத்துங்கள், கீழே ஒருவர் பிடிக்கட்டும். அறுபது வயதைத் தாண்டிய வாப்பாமார் தயவுசெய்து பிள்ளைகளை ஏறச் சொல்லுங்கள்.

சென்ற வருடம் வலை போட்ட பதினான்கு வீடுகளுக்கும் இந்த மாதத்துக்குள் நாங்களே வந்து வலையைக் கழற்றி, வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வாட்டத்தைச் சரிசெய்து தருவோம், இன்ஷா அல்லாஹ். அந்த வீட்டார் யாரும் பணம் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இரண்டு மூங்கில் ஏணிகளும் நீண்ட பிடி தூரிகைகளும் எங்கள் அலுவலகத்தில் இரவலாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் வந்து பெயரைப் பதிந்து எடுத்துச் செல்லலாம். ஏணி பிடிக்க ஆளில்லாத வீடுகள் அதையும் சேர்த்துப் பதியுங்கள், வாலிபர்களை அனுப்புகிறோம்.