காற்று எங்கே நுழைகிறது? கார் கண்ணாடி ஓரத்து இரைச்சலைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் 90ஐத் தாண்டியதும் உங்கள் காதருகே ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கிளம்புகிறதா? வானொலியின் ஒலியைக் கூட்டுகிறீர்கள். பின்னிருக்கைப் பிள்ளைகள் கேட்பது காதில் விழுவதில்லை. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போய்ச் சேர்வதற்குள் தலை கனத்துவிடுகிறது.

‘கார் பழசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் ஒலித்தடுப்புப் பாய் வாங்கிக் கதவு முழுக்க ஒட்டுகிறார்கள். காசு போகும், சத்தம் போகாது. காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எதை வாங்கினாலும் இதே கதைதான்.

வேகம் கொஞ்சம், சத்தம் அதிகம்

ஓடும் காற்று எப்படி ஒலியை உண்டாக்குகிறது என்பதற்கு 1952இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் லைட்ஹில் ஒரு கணிதக் கோட்பாட்டைத் தந்தார். திடப்பொருள்களின் மீது மோதும் காற்றுக்கு அதை 1955இல் விரிவாக்கினார் கர்ல். இதன்படி, காற்று மோதி எழும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி உயர்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போகும்போது வேகம் 1.375 மடங்குதான் கூடுகிறது. அதை ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 7 மடங்கு வருகிறது, அதாவது சுமார் 8 டெசிபல். பட்டணத்துச் சாலையில் கேட்காத சத்தம் நெடுஞ்சாலையில் திடீரென்று முளைப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடியை வெளியே இழுப்பது யார்?

முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் சாய்வாக ஒரு தூண் இருக்கிறது அல்லவா? எதிர்க்காற்று அந்தத் தூணைச் சுற்றி வளையும்போது வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னௌலி தத்துவத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆகவே பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் அழுத்தம் குறைவு, காரின் உள்ளே அதிகம். கண்ணாடியும் கதவின் மேல் சட்டமும் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன.

110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 560 பாஸ்கல். ஒரு சதுர அடிப் பரப்பில் இது ஏறக்குறைய 5 கிலோ எடை வைத்ததற்குச் சமம். இதில் பாதி செயல்பட்டாலும், தளர்ந்த ரப்பர் சட்டத்தை விட்டு ஒரு மயிரிழை விலகிவிடும். வீட்டு வாசலில் நிற்கும்போது கச்சிதமாக மூடிய கதவு ஓடும்போது மட்டும் கசிவது இதனால்தான்.

ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்

ஒரு பக்கக் கண்ணாடியின் பரப்பு 4,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஓரத்தில் 1 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு இடைவெளி இருந்தால் அது 4 சதுர சென்டிமீட்டர், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது கண்ணாடி துளி ஒலியையும் விடாது என்றே கற்பனை செய்யுங்கள். அந்த இடைவெளி வழியே ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். டெசிபல் கணக்கில் இது 30 குறைவு. ஆக, கண்ணாடியை எவ்வளவு தடிப்பாக்கினாலும், கதவுக்குள் எவ்வளவு பாய் ஒட்டினாலும், 30 டெசிபலுக்கு மேல் அந்தப் பக்கத்தில் தடுக்க முடியாது. போதாததற்கு, இடைவெளியில் பீறிடும் காற்று தானும் சீழ்க்கை அடிக்கும்.

கண்டுபிடிக்க ஐந்து சோதனைகள்

முதலில், அது காற்றுதானா என்று உறுதி செய்யுங்கள். தார்ச்சாலையிலிருந்து பாலத்தின் கான்கிரீட் தளத்துக்கு ஏறும்போது சத்தம் மாறினால் அது டயர். சாலை மாறியும் மாறாமல், பக்கக்காற்று அடிக்கும்போது மட்டும் மாறினால் அது காற்று.

இரண்டாவது, தாள் சோதனை. பழைய நாட்காட்டித் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ரப்பரின் மேல் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவு இறுக்கம் இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுண்ணக்கட்டி. ரப்பர் மீது தேய்த்துவிட்டுக் கதவை ஒருமுறை மூடித் திறங்கள். சட்டத்தில் வெள்ளைக் கோடு அறுந்திருக்கும் இடத்தில் ரப்பர் தொடவில்லை.

நான்காவது, ஈரக் கை. எல்லாக் கண்ணாடிகளையும் மூடி, குளிர்சாதனத்தை வெளிக்காற்று எடுக்கும் நிலைக்கு மாற்றி, விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். வெளியே நின்று ஈரமான உள்ளங்கையை ஓரங்களில் நகர்த்தினால் கசிவு சில்லென்று தெரியும்.

ஐந்தாவதும் நம்பகமானதும் ஒட்டுநாடா சோதனை. சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் காகித மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு, சைட் மிரர் அடிப்பாகம் என எல்லா இடத்திலும் வெளியிலிருந்து ஒட்டுங்கள். ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது. ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கினால், ஒவ்வொரு துண்டாக எடுத்து மீண்டும் ஓட்டுங்கள். எதை எடுத்ததும் சத்தம் திரும்புகிறதோ, அங்கேதான் வழி. கேட்கும் வேலை பக்கத்தில் இருப்பவருக்கு. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும்.

சரிசெய்வது எப்படி?

பாதிக் குறை அழுக்குதான். ரப்பரை மென்மையான சோப்பு நீரில் துடைத்து, உலர்ந்தபின் சிலிகோன் பசை தடவுங்கள். வாசலினும் எந்திர எண்ணெயும் வேண்டாம். கதவு ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதித் தளர்ந்துபோகும்.

வெயிலில் பல ஆண்டுகள் நசுங்கியே கிடந்த ரப்பர் மீண்டு எழும் தன்மையை இழந்துவிடும். விரலால் அழுத்தி விட்டால் மேலெழாத ரப்பரை மாற்றுவதுதான் வழி. அதன் மேல் இன்னொரு தடித்த ரப்பரை ஒட்டினால் கதவே சரியாக மூடாது. ரப்பர் நன்றாக இருந்தும் தாள் வழுக்கினால், கதவு போய் மாட்டும் கொக்கியைப் பட்டறையில் சற்று உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகளை அடைத்துவிடாதீர்கள். மழைநீர் வடிய அவை வேண்டும். அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கசிவே இல்லாத சத்தங்களும் உண்டு. மழைக்காக நாம் ஒட்டும் டோர் வைசர், கூரைமேல் கம்பிச் சட்டம், வானொலிக் கம்பி ஆகியவை காற்றைச் சுழல்களாக உடைக்கின்றன. 5 மில்லிமீட்டர் கம்பி 110 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 1,200 அதிர்வுகளில் பாடும். சில கார்களின் கம்பியில் திருகாணி போல ஒரு இழை சுற்றியிருப்பது இந்தப் பாட்டைக் கலைக்கத்தான். பின்கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால் காது அடைக்கும் ‘வுப் வுப்’ அதிர்வு, வாயகன்ற புட்டியில் ஊதுவது போன்றது. இன்னொரு கண்ணாடியைச் சற்று இறக்கினால் நின்றுவிடும்.

முன்கண்ணாடி மாற்றிய பிறகு புதிதாகச் சீழ்க்கை கேட்டால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். பசை சரியாகப் பிடிக்கவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். விபத்தில் கூரையைத் தாங்குவதிலும் காற்றுப்பைக்கு முட்டுக்கொடுப்பதிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. உடனே மாற்றிய இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரு சுண்ணக்கட்டி, ஒரு தாள், ஒரு சுருள் ஒட்டுநாடா போதும். அடுத்த நெடும்பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேடிப் பாருங்கள்.