தம்பானூர்ச் செங்கற்கோபுரம்: பணியாளர்களே உரிமையாளர்களான வரலாறு

பொன்முடி மலைக்குச் செல்ல விரும்புவோர் பலர் திருவனந்தபுரம் தம்பானூர்ப் பேருந்து நிலையத்திலிருந்தே புறப்படுகின்றனர். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் மூடுபனியும் நம்மை வரவேற்கும். ஆயினும் இக்கட்டுரை அம்மலையைப் பற்றியதன்று. பேருந்து ஏறுமுன் பயணிகள் பலர் காபி அருந்தச் செல்லும், நிலையத்தை அடுத்துள்ள ஒரு செங்கற்கட்டடத்தையும், அதன் பின்னே உள்ள உழைப்பாளர்களின் வரலாற்றையும் பற்றியது. 'இண்டியன் காபி ஹவுஸ்' என்பது அதன் பெயர்.

ஆங்கிலேயர் 'ஹோட்டல்' என்று தங்குமிடத்தைக் குறிப்பர். நம் வழக்கிலோ அச்சொல் உணவு விடுதியையே பெரிதும் குறிக்கிறது. மேனாட்டு நகரங்களில் பழைய மதுக்கூடங்கள் பெற்றுள்ள இடத்தை, நம் தென்னாட்டு நகரங்களில் காபி விடுதிகளே வகித்து வந்துள்ளன. செய்தித்தாள் படிக்கவும், அரசியல் பேசவும், நண்பருக்காகக் காத்திருக்கவும் நகரத்தார் நாடுவது அவற்றைத்தான்.

வணிகத்துக்கும் காபி விடுதிக்கும் உள்ள உறவும் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் எட்வர்டு லாயிடு என்பவர் நடத்திய காபி விடுதியில் கப்பல் உரிமையாளர்களும் வணிகர்களும் கூடினர். அங்கு நிகழ்ந்த பேச்சுகளிலிருந்தே 'லாயிட்ஸ்' என்னும் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை உருவாயிற்று. ஜோனதன் என்பவரின் காபி விடுதியில் கூடிய பங்குத் தரகர்களின் வழிவந்ததே இலண்டன் பங்குச் சந்தை. அவ்விடுதிகளில் தம் ஆட்சிக்கு எதிரான பேச்சு வளர்வதாக அஞ்சிய இரண்டாம் சார்லசு மன்னர், 1675ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றை மூடுமாறு ஆணையிட்டார். மக்களின் எதிர்ப்பைக் கண்டு, சில நாட்களிலேயே அவ்வாணையை அவர் கைவிட நேர்ந்தது.

இந்தியாவில் காபி விடுதிகளின் தொடர் ஒன்று தோன்றியதற்கு ஒரு பொருளாதார நெருக்கடியே காரணம். 1930களின் உலகளாவிய மந்தத்தில் காபி விலை வீழ்ச்சியுற்றது. ஏற்றுமதியை மட்டுமே நம்பியிருந்த தோட்டக்காரர்கள் தவித்தனர். உள்நாட்டிலேயே காபி அருந்தும் வழக்கத்தைப் பரப்பினால்தான் விளைபொருளுக்குச் சந்தை கிடைக்கும் என்பது தெளிவாயிற்று. அதன்பொருட்டு, காபித் தீர்வைக் குழுவின் முயற்சியால் 1936ஆம் ஆண்டு பம்பாயில் முதல் 'இண்டியா காபி ஹவுஸ்' திறக்கப்பட்டது. 1940களில் நாடெங்கும் ஏறத்தாழ 50 விடுதிகள் இயங்கின. கல்கத்தாவில் 1876ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில் 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விடுதி, வங்கத்து எழுத்தாளர்களும் திரைக் கலைஞர்களும் கூடும் இடமாகப் பின்னர்ப் புகழ்பெற்றது.

1950களின் நடுவில் காபி வாரியத்தின் கொள்கை மாறியது. விடுதிகளை மூடிவிடுவதென வாரியம் முடிவு செய்தது. கோப்பில் அது ஒரு நிர்வாக முடிவு. ஆனால் பல ஆண்டுகள் காபி கலந்தும், பரிமாறியும், பாத்திரம் துலக்கியும் வாழ்ந்த தொழிலாளர்களுக்கோ அது அடுப்பணையும் செய்தி. நடுவயதில் வேலை இழந்தவர் புதிய தொழில் கற்பது எளிதன்று. வாடகை, பிள்ளைகளின் கல்வி, முதியோர் மருத்துவம் ஆகிய அனைத்தும் மாதச் சம்பளம் ஒன்றையே நம்பியிருந்தன.

அப்போது அவர்களுக்குத் துணைநின்றவர் கேரளத்தின் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். 'வேலையைத் திரும்பத் தாருங்கள்' என்று வேண்டுவதோடு நில்லாமல், விடுதிகளையே தொழிலாளர் ஏற்று நடத்தலாம் என்னும் துணிவான வழியை அவர் ஊக்குவித்தார். தொழிலாளர்கள் போராடி வாரியத்தை இணங்க வைத்தனர். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 அன்று பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று புதுதில்லியில் புதிய விடுதி திறக்கப்பட்டது. கேரளத்தின் முதல் விடுதி 1958ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று திருச்சூரில் தொடங்கியது. அம்மாநில இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான என்.எஸ். பரமேசுவரன் பிள்ளை, அவ்வரலாற்றைப் பிற்காலத்தில் மலையாளத்தில் நூலாகவும் எழுதினார்.

பெயர் மாற்றத்தையும் இங்கே நோக்குதல் தகும். வாரியம் நடத்தியது 'இண்டியா' காபி ஹவுஸ். தொழிலாளர் நடத்தத் தொடங்கியது 'இண்டியன்' காபி ஹவுஸ். முன்னது நாட்டின் பெயர். பின்னது அந்நாட்டு மனிதனையும் சுட்டும் பெயர். ஓரெழுத்தே கூடியது, உரிமையோ முற்றிலும் கைமாறியது.

வணிகவியல் பயின்று வங்கிப் பணியில் இருக்கும் நம் போன்றோர்க்கு, இம்முயற்சி எவ்வாறு நிலைத்தது என்னும் வினா எழுவது இயல்பே. சொத்துமில்லை, தனி முதலாளியுமில்லை. ஆயினும் இத்தொழிலுக்கே உரிய சில வலிமைகள் இருந்தன. உணவு விடுதியில் விற்பனை பெரும்பாலும் ரொக்கம். பாலும் காய்கறியும் அன்றன்றே செலவாகிவிடும். வாடிக்கையாளர் தரும் பணம் காலையிலேயே கல்லாவுக்கு வர, பொருள் வழங்குவோருக்குச் சில நாட்கள் கழித்துத் தந்தாலும் போதும். எனவே நடைமுறை மூலதனத் தேவை குறைவு. மேலும், கூட்டுறவுச் சங்கத்தில் பங்குகள் எத்தனை வைத்திருப்பினும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கே உண்டு. மேசை துடைப்பவரும் கணக்கு எழுதுபவரும் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் நிகரானவர்கள். உபரியில் ஒரு பகுதி காப்பு நிதிக்குச் சென்றாக வேண்டும் என்பதால், நல்ல ஆண்டின் இலாபம் தீய ஆண்டுக்குக் குடையாகிறது.

இனித் தம்பானூர்க் கட்டடத்துக்கு வருவோம். இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அவர், 1945ஆம் ஆண்டு தொழுநோயாளர் நலப் பணிக்காக இந்தியா வந்தார். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்க் கேரளம் வந்து, திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக் கொண்டார். 1990ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெருந்தகை 2007ஆம் ஆண்டு மறைந்தார். உள்ளூர்ப் பொருள், குறைந்த செலவு, வீணாக்காமை ஆகியவை அவர் கட்டடக்கலையின் மூன்று தூண்கள்.

கிடைத்ததோ நெருக்கடியான நகர்ப்பகுதியில் ஒரு சிறு மனை. அங்கே தளத்தின் மேல் தளம் எழுப்பாமல், தரையையே ஒரு சுழல் சாய்தளமாக மேலேற்றினார் பேக்கர். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டப்பட்ட மேசைகளும் இருக்கைகளும் அச்சாய்தளத்தின் வழியே வரிசையாக ஏறிச் செல்கின்றன. தரை சாய்ந்திருப்பினும் மேசை சாய்வதில்லை. கோப்பையில் காபி சமமாகவே நிற்கிறது. செங்கற்சுவரில் விடப்பட்ட துளைகள் வழியே காற்றும் ஒளியும் உள்ளே வருகின்றன. வெயிலின் கடுமை வெளியிலேயே நின்றுவிடுகிறது. கட்டி முடித்த பின் நாள்தோறும் வரும் மின்கட்டணமும் ஒரு செலவே என்பதை உணர்ந்த வடிவமைப்பு இது. சிறு வணிகர்கள் கடை கட்டும்போது இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

உள்ளே, விசிறி போல் விரிந்த தலைப்பாகையும் வெண்ணிறச் சீருடையும் அணிந்த பணியாளர்கள் பரிமாறுகின்றனர். பீட்ரூட் கலந்த மசாலா தோசையும் கட்லெட்டும் அவ்விடுதிகளின் அடையாளம். முதன்முறை உண்பவர் அச்செந்நிறத்தைக் கண்டு வியப்பர். பழகியவர் வேறெங்கும் அதைத் தேடி ஏமாறுவர்.

ஆயினும் இவ்வரலாற்றில் வெற்றி மட்டுமே இல்லை. தில்லி கன்னாட் பிளேசில் இருந்த விடுதி அவசரநிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் அரைநூற்றாண்டு விளங்கிய விடுதி, வழக்கில் தோற்று 2009ஆம் ஆண்டு அவ்விடத்தை விட்டு சர்ச் தெருவுக்கு இடம்பெயர்ந்தது. தொழில் நம்முடையதாயினும் இடம் பிறருடையதாயின் ஆபத்து உண்டு என்பதே இதன் பாடம். குறைந்த விலை, நீண்ட நேரம் அமரும் வாடிக்கையாளர், உயரும் சம்பளச் செலவு ஆகிய மூன்றையும் சமன்செய்வதும் இன்று எளிதன்று. ஒரு மேசையில் ஒரே காபியுடன் இரண்டு மணி நேரம் பேசுவோரை எழுப்பினால் வரவு கூடும். ஆனால் அவர்களால் அன்றோ அது காபி ஹவுஸ் என்று பெயர் பெற்றது!

இத்தனை இடர்களுக்கு இடையிலும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விடுதிகள் நடைபெறுகின்றன. கேரளத்தில் திருச்சூரையும் கண்ணூரையும் தலைமையிடமாகக் கொண்ட இரு சங்கங்கள் அவற்றை நடத்துகின்றன. 1957ஆம் ஆண்டில் வேலை இழக்க இருந்தோரின் துணிவால், அவர்கள் காணாத தலைமுறையினரும் இன்று ஊதியமும் வாக்குரிமையும் பெறுகின்றனர்.

நம் வாடிக்கையாளர்களுள் பலர் பால் கூட்டுறவு, நெசவாளர் கூட்டுறவு, வீட்டுவசதிச் சங்கம் என ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருக்கக்கூடும். பங்குச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைப்பதோடு அவர்தம் கடமை முடிவதில்லை. ஆண்டறிக்கையைப் படிப்பதும், பொதுக்குழுவில் எழுந்து வினவுவதும், வாக்களிப்பதும் உரிமையாளரின் வேலை. அடுத்த முறை தம்பானூரில் காபி அருந்த நேர்ந்தால், பரிமாறுபவர் தரும் விலைச்சீட்டைச் சற்று நின்று நோக்குங்கள். அதைத் தருபவர் அவ்விடுதியின் உரிமையாளர்களுள் ஒருவர்.