ஓர் ஏடும் இரு பெயர்களும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. மாவட்டம் பிரியும்போது பதிவேடுகளும் பிரிய வேண்டும். பழைய ஏட்டின் அட்டையில் இன்னொரு பெயரை ஒட்டிவைத்தால் அது இரண்டு ஏடுகளாகிவிடாது. கணினி நிரலில் இப்பிழை எளிதில் நேர்ந்துவிடுகிறது.

பைத்தான் மொழியில் தகவல்களைத் திறவுகோல், மதிப்பு என்னும் இணைகளாகச் சேமிக்கும் அமைப்புக்கு அகராதி என்று பெயர். 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். பெரம்பலூர் என்னும் அகராதியில் தலைநகரமும், வேப்பந்தட்டை, செந்துறை உள்ளிட்ட வட்டங்களின் பட்டியலும் இருப்பதாகக் கொள்வோம். 2007ஆம் ஆண்டுப் பிரிவினையைப் பதிய விரும்பும் ஒருவர் இவ்வாறு எழுதுகிறார்:

அரியலூர் = பெரம்பலூர்
அரியலூர்['தலைநகரம்'] = 'அரியலூர்'

பிறகு பெரம்பலூரின் தலைநகரத்தைக் கேட்டால், கணினி 'அரியலூர்' என்றே விடையளிக்கும். சமக்குறி புதிய அகராதி எதையும் உருவாக்கவில்லை. நினைவகத்தில் முன்பே இருந்த அகராதிக்கு இரண்டாவது பெயர் சூட்டியது, அவ்வளவே. எண்ணுக்கோ சொல்லுக்கோ இத்தொல்லை இல்லை. அவை உள்ளே திருத்த இயலாதவை. புதிய மதிப்பைத் தரும்போது அந்த ஒரு பெயர் மட்டுமே வேறொன்றைச் சுட்டும். அகராதியோ உள்ளேயே திருத்தக்கூடியது. இதில் அஞ்சத்தக்கது, கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டாமையே. பெரம்பலூருக்குரிய வெள்ள நிவாரணக் கணக்கை அரியலூர்க் கணக்கு அழித்துவிட்டாலும் நிரல் அமைதியாக ஓடி முடியும்.

காப்பி என்னும் கட்டளையால் படியெடுத்தால் தலைநகரங்கள் தனித்தனியாகிவிடும். ஆயினும் அது மேலோட்டமான படி. அகராதிக்குள் இருக்கும் வட்டப் பட்டியல் இரண்டுக்கும் பொதுவாகவே நீடிக்கும். அரியலூரின் பட்டியலிலிருந்து வேப்பந்தட்டையை நீக்கினால், அது பெரம்பலூரின் பட்டியலிலும் மறைந்துபோகும். முதல் பிழையைவிட இதுவே பலரை ஏமாற்றுவது. தலைநகரத்தை மட்டும் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றியிருக்கும். உள்ளிருப்பவற்றையும் சேர்த்துப் படியெடுக்க டீப்காப்பி என்னும் கட்டளை உண்டு.

பகிர்வு எப்போதும் பிழையன்று. மருதையாறு பெரம்பலூர் மாவட்டத்தில் ஓடி, அரியலூர் மாவட்டத்தைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. அதன் நீர்மட்டத்தைப் பதியும் அகராதியை இரு மாவட்ட அகராதிகளும் பகிர்ந்துகொள்வதே முறை. அங்கே படியெடுத்துவிட்டால், பெரம்பலூரில் வெள்ளம் ஏறிய செய்தி அரியலூரின் ஏட்டில் பதிவாகாமலே போகும்.