நீலக் கரைசலும் நிமிடத்துக்கொரு எண்ணும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வீட்டில் சர்க்கரை பார்ப்பது என்றால் சிறுநீரில் பார்ப்பதுதான். அமெரிக்க வேதியியலாளர் பெனடிக்ட் 1908இல் வெளியிட்ட நீலக் கரைசல், ஒரு சோதனைக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு. இவ்வளவுதான் கருவிகள். 5 மி.லி. கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டு, இடுக்கியால் பிடித்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் அன்று வீட்டில் பேச்சு குறைந்துவிடும். அடுப்பில் கண்ணாடி சிரிஞ்ச், ஊசியோடு வெந்நீரில் கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்த நிறம் சொன்னது பழைய செய்தி. சில மணி நேரமாகச் சிறுநீர்ப்பையில் சேர்ந்ததன் கணக்கு அது. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும். ஆகவே 150 இருப்பவருக்கும் நீலம்தான்; 45க்கு இறங்கி மயங்கப்போகிறவருக்கும் நீலம்தான். சர்க்கரை இறங்குவதைச் சொல்ல உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை: கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கோபம். இன்சுலின் போடுகிறவரின் மனைவி நடுராத்திரியில் விழித்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார். அந்தக் கை அசந்து தூங்கிப்போன இரவுகளும் உண்டு.

1970களின் தொடக்கத்தில் ஏம்ஸ் என்ற நிறுவனத்தின் ரத்தச் சர்க்கரை மீட்டர் வந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல், விலை 495 டாலர். மருத்துவர்களுக்குத்தான் விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோயாளி. மனைவி மருத்துவர் என்பதால் அவர் மூலம் ஒன்றை வாங்கித் தன் ரத்தத்தைத் தானே அளந்தார். தன் அளவைத் தானே அறிந்துகொள்வதற்கே ஒரு நோயாளி அன்று இவ்வளவு சுற்றவேண்டியிருந்தது.

இன்று மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்கிற சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது. 5 மி.மீ. இழை ஒன்று தோலுக்கடியில் இறங்கி, செல்களுக்கு இடையிலுள்ள நீரில் குளுக்கோஸைப் பார்க்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கிய செய்திதான், ஆனாலும் இன்றைய செய்தி. இவ்வகையில் அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்ற முதல் கருவி 3 நாள் ஓடும். எண்களை நோயாளி பார்க்க முடியாது, பிறகு மருத்துவர்தான் கணினியில் எடுத்துப் பார்ப்பார். 2014இல் ஐரோப்பாவில் வந்த லிப்ரே என்ற சென்சார் 14 நாள் ஓடியது. எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் காட்டியது. எனக்கு அந்த அம்புக்குறிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 110 ஏறிக்கொண்டிருந்தால் ஒரு முடிவு, இறங்கிக்கொண்டிருந்தால் வேறு முடிவு. எந்த நிறமும் இதைச் சொன்னதில்லை.

எண் தொலைதூரம் போனது ஒரு தகப்பனால். சென்சார் அணிந்த சின்ன மகன் பள்ளியில் இருக்கும்போது அவன் அளவை அலுவலகத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று, 2013இல் ஜான் கோஸ்டிக் என்ற அமெரிக்க மென்பொறியாளர் தானே நிரல் எழுதி அந்த எண்களை இணையத்தில் ஏற்றினார். அவரைப் போன்ற பெற்றோர்கள் சேர்ந்து அதை நைட்ஸ்கவுட் என்று வளர்த்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்த கையின் வேலையை இப்போது அலாரம் செய்கிறது, தூங்காமல். இன்சுலின் போடும் பிள்ளைகளுள்ள வீடுகளில் இதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

ஆனால் இப்படி ஒரு சென்சார் இரண்டு வார அளவில் முடிந்துவிடும், விலையோ ஆயிரக்கணக்கில். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. அவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று என்று லேப் சீட்டுதான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர் குளுக்கோமீட்டரோடு வீட்டுக்கே வருகிறார், விரலில் குத்திப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து, கால் புண் ஆறிவிட்டதா என்றும் கேட்கிறார். எந்தச் சென்சாரும் இன்னும் கேட்காத கேள்வி அது.

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா கையில் சென்சார், நியூஜெர்சியில் மகன் போனில் எண். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு 54 என்று அங்கே அலாரம் அடித்தது. மகன் பதறிக் கூப்பிட்டான். விரலில் குத்திப் பார்த்தால் 118. சென்சார் இருந்த பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்ததில் கை அழுந்தி, கருவி குறைத்துக் காட்டியிருக்கிறது. அதையாவது அந்த அம்மா பொறுத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் பாதி ஜாங்கிரி சாப்பிட்ட அரை மணிக்குள் “என்னம்மா சாப்பிட்ட?” என்று போன் வந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நீலக் குழாய் காலத்தில் அந்த ஜாங்கிரி அவருக்கும் பரிமாறியவருக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். அம்மாவும் மகனும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்: 70க்குக் கீழே போனால் எந்த நேரமானாலும் மகன் கூப்பிடலாம், ஏறினால் கேட்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை அவரே சொல்வார்.