ஒல்லிக்கும் வரும்

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூட்டம் முட்டும். மற்ற நாள்களில் விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடுகிறவர்கள், அன்றுதான் வெறும் வயிற்றோடு வந்து உட்கார முடியும். 2001 பிப்ரவரியில் இங்கிருந்த தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊரின் பிழைப்பே அந்த ரயில்தான். அப்பாக்கள் பாறையைக் குடைந்தார்கள். பிள்ளைகள் ரயிலிலும் உட்கார்ந்தே போகிறார்கள், ஆபீசிலும் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஒல்லி. பெல்ட்டுக்கு மேலே மட்டும் ஒரு குட்டித் தொப்பை. "எனக்கெல்லாம் சுகர் வராது சிஸ்டர். எடை அறுபதைத் தாண்டினதே இல்லை" என்றார். அவர் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தேன். மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறினால் இப்படி ஆகும்.

"ராத்திரி பிரியாணியா அண்ணா?"

"ஏழு மணிக்கு ரெண்டு சப்பாத்திம்மா. அதோட சரி."

வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. பயப்படும்படி இல்லை. ஆனால் ஹெச்பிஏ1சி 6.7! ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7க்குள் இருந்தால் நல்லது; 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய்; இடையில் நின்றால் எல்லைக்கோடு. ரத்தசோகை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு முன்பின் ஆகலாம், அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒல்லியானவருக்குச் சர்க்கரை நோய் எப்படி? புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் உடம்பையுமே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை ஏறாமலே கொழுப்பு சேரும், நம் ஆட்களின் வாகு இது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிபோனெக்டின் குறையும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறும். இவற்றையெல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். லேபில் வேலை செய்துகொண்டே சொல்கிறேன், ஆயிரக்கணக்கில் 'பேக்கேஜ்' வேண்டாம். சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்பு, இந்த மூன்றும் ஆரம்பத்துக்குப் போதும்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் நடையாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைக்கலாம் என்று சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இலேயே காட்டிவிட்டது.

இன்றைக்கே ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தாண்டினால், எடை எவ்வளவாக இருந்தாலும், ரத்தம் கொடுக்க வந்துவிடுங்கள்.